தார் வெட்டிய வாழையில் தொழில் இருக்கிறதா?

தொட்டியம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்தமாக நான்கு ஏக்கர் வாழை. அக்கம்பக்கத்தில் இன்னும் நூறு ஏக்கருக்குக் குறையாது. தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளுகிறார்கள், அதற்கே ஆள் கூலி போகிறது. நார் எடுக்கும் மெஷின் விற்கும் ஒருவர் வந்து, "மூலப்பொருள் இலவசம், எடுக்கிற நாரை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். நான்கு மெஷின் வாங்கலாமா, எந்த மெஷின் நல்லது என்பது கேள்வி.

மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, வீணாகப் போகிற ஒன்றை வைத்து ஒரு குடும்பம் நிமிர்ந்து பிழைக்க முடியுமா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். படித்தது பயோடெக்னாலஜி. பதினெட்டு வருடங்களாகப் பயிர்க்கழிவிலிருந்து பொருள் செய்யும் சிறு தொழில்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். தொடக்கம் பொள்ளாச்சி நார் மில்களில், பிறகு வாழை. முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் மெஷின்காரர் சொன்ன வழியில் முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த "இலவசம்". உங்கள் ஊருக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் புகளூர் காகிதபுரம் இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டு, 1984-ல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய ஆரம்பித்தது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கை வீண் பொருள். ஆனால் சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தான் கொதிகலனில் நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஆலை எதை எரிக்கும்? அதனால் காகித ஆலை சர்க்கரை ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டு, நிலக்கரிக்கும் நீராவிக்கும் ஏற்பாடு செய்து கொடுத்து, அதற்கு ஈடாகச் சக்கையை வாங்கியது. எந்தக் கழிவைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஒப்பந்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். வீண் என்று நாம் நினைக்கும் பொருள் பெரும்பாலும் ஏற்கெனவே எங்கேயோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலையை யார் ஈடுகட்டுவது என்று கேட்காமல் தொழில் தொடங்கக் கூடாது.

வாழை மரமும் அப்படித்தான். மறுதாம்பு விடும், அதாவது பக்கக் கன்றையே அடுத்த பயிராக வளர்க்கும் தோட்டத்தில், தார் வெட்டிய பிறகும் தாய் மரத்தில் இருக்கும் நீரும் சத்தும் பக்கக் கன்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். உடனே அடியோடு வெட்டாமல், சில வாரங்கள் விட்டுப் படிப்படியாக வெட்டச் சொல்வது இதனால்தான். நாருக்கோ நேர் எதிர். வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் நிறமும் வலுவும் நிற்கும். மரத்தில் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது. எல்லா மரத்தையும் தோட்டத்தை விட்டு வெளியே ஏற்றினால், அந்தச் சத்தைப் பொட்டாஷ் மூட்டையாகக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. வெட்டிப் போட்ட மரத்துக்குள்ளும் தண்டுக் கூன்வண்டு பெருகுகிறது. மரத்தைத் தோலுரித்துப் பிரித்துப் போட்டாலே வண்டுக்கு இடமில்லாமல் போகும். நார் எடுப்பதில் விவசாயிக்குக் கிடைக்கிற உண்மையான இலாபங்களில் இது ஒன்று. மெஷின் விற்பவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது எடை. என் தொழிலில் பாதிக்கு மேல் எடைக் கணக்குதான். தார் வெட்டிய மரம் ஒன்று சுமார் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரகத்துக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி கூடும், குறையும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மெஷினில் விட்டு, அலசி, காய வைத்தபின் கையில் நிற்கும் நார் பச்சை எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, பல நேரம் அதற்கும் கீழே. ஒரு மரத்துக்கு 100 கிராமிலிருந்து 200 கிராம். ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்றால் 100 முதல் 200 கிலோ நார். மறுபடி படியுங்கள்: ஒரு ஏக்கரில் 20 டன் தூக்குகிறீர்கள், அதிலிருந்து ஆட்டோவில் ஏற்றிவிடக்கூடிய நார்தான் கிடைக்கிறது. ஒரு மெஷினில் ஒரு நாளில் 15 கிலோ உலர்ந்த நார் எடுக்க வேண்டும் என்றால், 75 முதல் 150 மரம் வெட்டி, பிளந்து, மட்டை உரித்து மெஷின் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். நான்கு மெஷின் என்றால் நாளொன்றுக்கு 300 முதல் 600 மரம். வருடம் முழுக்க அது கிடைக்குமா? தார் வெட்டு எல்லா மாதமும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இந்த எடைக் கணக்கிலிருந்து தவறாமல் வரும் முடிவு ஒன்று: மரத்தை மெஷினிடம் கொண்டுபோகக் கூடாது, மெஷின்தான் மரத்திடம் போக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் டிராக்டரில் பச்சை மரம் ஏற்றி நார் எடுத்து நிலைத்த யூனிட் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தண்ணீருக்குத்தான் டீசல் செலவழிக்கிறார்கள். சக்கரம் வைத்த, டீசல் இன்ஜினில் ஓடும் சின்ன மெஷின் ஒன்று தோட்டம் தோட்டமாகப் போனால், சக்கை அங்கேயே விழும், சத்தும் அதே மண்ணுக்குத் திரும்பும்.

மெஷின் வேலை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? கூண்டுக்குள் ஓர் உருளை, அதில் மழுங்கிய தகடுகள், வேகமாகச் சுற்றும். ஒரு பெண் மட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை உள்ளே விடுவார். தகடு சதையைச் சுரண்டும்போது ஒரு இரைச்சல். சதை கழிந்து வெறும் நார் ஆனதும் சத்தம் மெலிந்துவிடும். பழகிய கைக்கு அந்தச் சத்த மாற்றமே போதும், பார்க்கக்கூட மாட்டார். இழுத்து, திருப்பிப் பிடித்து, மறு பாதியை விடுவார். முகத்திலும் சேலையிலும் சாறு தெறிக்கும். வாழைக் கறை துணியில் பட்டால் போகாது என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் கறைதான் நாரின் முதல் எதிரி. வெளியே வரும்போது ஈரக் கூந்தல் மாதிரி வெள்ளையாக இருக்கும் நார், உடனே நல்ல தண்ணீரில் அலசாமல் குவித்து வைத்தால் கண் முன்னாலேயே டீத்தண்ணி நிறத்துக்கு மாறும். அப்புறம் எவ்வளவு அலசினாலும் போகாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த உருளை கையை இழுக்கும். நீண்ட நார் விரலில் சுற்றிக்கொண்டு, விரலோடு உள்ளே போகும். மட்டை விடும் வாய் கை நுழையாத அளவுக்கு ஒடுங்கியிருக்க வேண்டும், உருளை முழுக்க மூடியிருக்க வேண்டும், நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வளையலும் துப்பட்டாவும் கூடவே கூடாது. எந்த மெஷின் நல்லது என்று கேட்டீர்கள். வாய், மூடி, சுவிட்ச் மூன்றில் ஒன்று இப்படி இல்லாவிட்டாலும் அந்த மெஷினை விலை குறைவென்று வாங்காதீர்கள். மற்றபடி ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. பிடிக்கிற கைதான் வித்தியாசம்.

இனி, திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சு. பத்து வருடத்துக்கு முன் நான் ஆலோசனை சொன்ன ஒரு மகளிர் குழு இப்படி ஒரு வாக்கை நம்பி மூன்று மெஷின் வாங்கியது. நாங்கள் பார்த்த ஒப்பந்தத்தில் கிலோவுக்கு விலை போட்டிருந்தது. என்ன நிறம், எவ்வளவு ஈரம், எவ்வளவு நீளம் என்று ஒரு வரிகூட இல்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நான்கு மாதம் எடுத்த நாரில் பாதிக்கு மேல் தரமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது ஐப்பசி. நார் காயவில்லை, சிம்பு சிம்பாகப் பழுப்பு ஓடி, அடுக்கியதில் பூஞ்சணமும் பிடித்திருந்தது. அந்தப் பெண்கள் திரும்பி வந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: வாங்குகிறவர் தரத்தை எண்ணில் எழுதித் தருவாரா? ஈரம் நூற்றுக்கு எத்தனை, நீளம் எத்தனை அடி, எந்த மாதிரியோடு நிறம் ஒப்பிடப்படும்? எழுதித் தரவில்லை என்றால் அவர் நார் வாங்க வரவில்லை, மெஷின் விற்க வந்திருக்கிறார்.

தரத்தை எண்ணில் எழுதுவதால் என்ன ஆகும் என்பதற்குப் பொள்ளாச்சியே சாட்சி. தேங்காய் மட்டையை அடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் நார், மிச்சம் இரண்டு பங்கு துகள். பித்து என்பார்கள். ஒரு காலத்தில் அது மில் வாசலில் மலையாகக் கிடந்தது, சாலையோரம் கொட்டினார்கள், கொளுத்தினார்கள். தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் அதற்கு அன்றும் இருந்தது. ஆனால் அதில் உப்பு இருந்தது. செடி வைத்தால் கருகியது. ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில் விவசாயிகள் சதுப்பு நிலக் கரியான பீட்டுக்கு மாற்றுத் தேடியபோது, அவர்கள் கேட்டது ஓர் எண்: உப்பின் அளவைக் காட்டும், இ.சி. என்று சொல்கிற மின்கடத்து திறன், அரைக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்துச் சோடியத்தை வெளியேற்றி, களத்தில் காய வைத்து, சல்லடையில் சலித்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி அனுப்பப் பொள்ளாச்சிக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். புதிதாக ஒரு பெரிய மெஷின் வந்து அந்த வித்தையைச் செய்யவில்லை. பத்து டெஸ்ட் பாட்டிலும் ஒரு இ.சி. மீட்டரும்தான் பித்துக்கு விலை வைத்தன. இன்று இந்தியாவின் கயிறு சார்ந்த ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு அந்தத் துகளுக்கு.

அதே பொள்ளாச்சிக் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அலசிய தண்ணீர் எங்கே போகும்? பழுப்பும் உப்புமாக அது மண்ணில் இறங்கி, பக்கத்துக் கிணறுகள் கெட்டன. கிராமத்து மக்கள் போராடினார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் தொழிலைக் கடுமையான வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு கழிவைப் பொருளாக்கும்போது இன்னொரு கழிவு பிறக்கிறது. உங்கள் விஷயத்தில் அது நாரை அலசும் தண்ணீரும், தகடு சுரண்டிப் போடும் சக்கையும். பச்சையாக ஒரே இடத்தில் குவித்தால் இரண்டே நாளில் நாறும், ஈ மொய்க்கும், சாறு வாய்க்காலில் இறங்கும். நூறு ஏக்கர் மரத்தை ஒரே கொட்டகையில் அடிக்கும் திட்டத்துக்கு நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் நூற்றுக்கு ஒரு பங்கு நாரை மட்டும் நம்பாமல், மிச்சத்துக்கு என்ன வழி? குஜராத்தில் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியை முழு மரத்துக்கும் சேர்த்துக் கேட்டது. மட்டையில் நார், பிழிந்த சாற்றிலிருந்து 'நோவல்' என்ற திரவ உரம், சக்கையிலிருந்து மண்புழு உரம், நடுத்தண்டிலிருந்து இனிப்புத் துண்டு. சாறும் சக்கையும் காசானால்தான் நாரின் விலை தாங்கும் என்ற அவர்கள் சிந்தனை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் திரவ உரத்தைப் பாட்டிலில் அடைத்து விற்பது வேறு தொழில். உரிமம், தரப் பரிசோதனை, கடைக்காரருக்குக் கடன் என்று அது தனி உலகம். முதல் வருடத்தில் அதைத் தொடாதீர்கள். சக்கையைச் சாணத்தோடு கலந்து புழு விட்டு உங்கள் தோட்டத்துக்கே போட்டால், வெளியே காசு வராவிட்டாலும் உரச் செலவு குறையும். அதுவும் வருமானம்தான்.

எனக்கு மனதுக்குப் பிடித்த வழி ஒன்றைச் சொல்கிறேன், இதில் என் சாய்வு இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினே வேண்டாம், மட்டையை அப்படியே காய வையுங்கள். 20 கிலோ மரத்தில் உலர்ந்த பொருள் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். மெஷின் அதில் 150 கிராமைக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சுரண்டித் தள்ளுகிறது. காய்ந்த மட்டையோ பெரும்பகுதி உங்களிடமே நிற்கும். திருவரங்கத்துப் பூக்கடைகளில் மாலை கட்டுகிறவர்கள் காய்ந்த மட்டையைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, நகத்தால் கிழித்துத்தானே பூத்தொடுக்கிறார்கள். பூவோடு சேர்ந்த நார் என்று நாம் சொல்வது அதைத்தான். அது சின்னச் சந்தை, ஆனால் பக்கத்தில் இருக்கும் சந்தை, தினமும் இருக்கும் சந்தை. மதுரைப் பக்கம் மேலக்காலில் காய்ந்த மட்டையைக் கயிறாகத் திரித்து, கூடையும் பையும் பின்னி வெளிநாடு வரை அனுப்புகிறார்கள். கயிறு திரிக்க சைக்கிள் சக்கரத்தில் செய்த எளிய கருவிதான் தொடக்கம். கூடை பின்னுகிறவருக்கு மட்டையின் பழுப்பே அழகு. நிறம் மாறியது என்று யாரும் மூட்டையைத் திருப்ப மாட்டார்கள். குறைந்த வேலையில் மரத்தின் அதிகப் பங்கைப் பயன்படுத்துகிற பொருளையே தேர்ந்தெடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம். காய வைக்க இடமும் வெயிலும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையடியில் காற்றோட்டமாகத் தொங்கவிடாமல் முடியாது.

துணி? சென்னைப் பக்கம் அனகாபுத்தூரில் வாழைநார் கலந்து சேலை நெய்கிறார்கள், அது பெருமைக்குரிய வேலை. ஆனால் 'கலந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாழைநார் விறைப்பானது, பருத்தி மாதிரி நூற்பு மெஷினில் ஓடாது. பசையை நீக்கி மென்மையாக்க வேண்டும், அதற்குக் காரமோ நொதியோ தேவை, இரண்டுக்கும் செலவு. அதோடு, நாருக்கென்றே வளர்க்கப்படும் வாழை இனம் ஒன்று உலகில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் அபாக்கா, மணிலா நார் என்று பேர் பெற்றது. கயிற்றிலிருந்து டீ பை காகிதம் வரை போகிறது. பழத்துக்காக வளர்த்த பூவனின் நார் அதோடு நேருக்கு நேர் போட்டி போட முடியாது. சானிட்டரி நாப்கினில் வாழைநார் வைப்பதை அகமதாபாத்தின் சாத்தி நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்கும் சுத்தம் தோட்டத்து மேடையில் வராது. இவை நடக்கக்கூடியவை, உங்கள் முதல் வருடத்தில் நடக்கக்கூடியவை என்று மட்டும் சொல்ல மாட்டேன். வாழையிலிருந்து பிளாஸ்டிக், கார்பன் கிரெடிட் என்று யாராவது பேச வந்தால், உங்கள் காசைக் கேட்காதவரை காது கொடுங்கள்.

நோய் விஷயம் ஒன்று. வாடல் நோய் பிடித்த தோட்டத்து மரத்தை, கூலி மிச்சம் என்று தூக்கிவந்து உங்கள் தோட்டத்தில் உரிக்காதீர்கள். அந்த நோயைக் கொடுக்கும் பூஞ்சணம் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். நார் வியாபாரம் அதை ஊர் முழுக்கப் பரப்பும் வண்டியாக மாறிவிடக் கூடாது. தோட்டம் மாறும்போது மெஷினையும் கத்தியையும் சக்கரத்தையும் கழுவுங்கள். கற்பூரவல்லியும் ரஸ்தாளியும் இருக்கும் ஊரில் இதில் அலட்சியம் கூடாது.

இதுவரை எடை, ஈரம், கறை, நோய் பற்றிச் சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலை பற்றி எண் எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. நார் விலை வருடத்துக்கு வருடம் மட்டுமல்ல, வாங்குகிறவருக்கு வாங்குகிறவர் மாறுகிறது, நான் இங்கே ஒரு எண் எழுதினால் யாராவது அதை வைத்துக் கடன் வாங்குவார். மானியமும் உரிமமும் என் துறை இல்லை, மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மானியம் கிடைக்கிறதே என்று மட்டும் மெஷின் வாங்க வேண்டாம்.

இந்த மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் இருபது மரத்தைத் தனித்தனியே எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பத்து மரத்தின் மட்டையை உரித்துக் காயப் போட்டு, பத்து நாள் கழித்து மறுபடி எடை போடுங்கள். மிச்சம் பத்தை வாடகை மெஷினில் விட்டு நாராக்குங்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே நார் எடுக்கும் பயிற்சி உண்டு, முதலில் அதற்குப் போய்விட்டு வாருங்கள். அந்த நாரில் ஒரு கட்டைக் கோயம்புத்தூரில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி அமைப்பான சிட்ராவுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினால், வலுவும் ஈரமும் எண்ணாகக் கிடைக்கும். இன்னொரு கட்டையும் காய்ந்த மட்டையில் ஒரு சுமையையும் எடுத்துக்கொண்டு திருவரங்கம் பூக்கடை, கூடை பின்னுகிறவர்கள், கைக்காகிதம் செய்கிறவர்கள் என்று மூன்று பேரிடம் போய், என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். விலையை அப்புறம் பேசலாம். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுதி வையுங்கள். கூலிதான் இந்தத் தொழிலில் பெரிய செலவு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த நோட்டுக் கணக்கையும், உங்கள் தோட்டத்தில் பூவனா நேந்திரனா கற்பூரவல்லியா, மறுதாம்பு விடுகிறீர்களா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். எத்தனை மெஷின், அல்லது மெஷினே வேண்டுமா என்பதை அந்த எண்களை வைத்து உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை அந்த மெஷின்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.